கரைக்கு ஒரு பெயர்

தனியாகத்தானே வந்தீர்கள்? அப்படியென்றால் பயமில்லை, இந்த மர வாங்கில் உட்காருங்கள். சற்று முன்னர் ஒரு மனுசன் துணைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து இதில் இருந்தார். அந்தப் பியோன் வந்து, இரண்டு பேரையும் விரலால் எண்ணிவிட்டு, தம்பிக்காரனைப் படிக்கு வெளியே அனுப்பிவிட்டான். அவனும் பழைய படைக்காரன்தான். இந்தக் கட்டடத்தில் கதவு திறக்கிறவனிலிருந்து உள்ளே பெரிய கதிரையில் இருக்கிறவர் வரைக்கும் பாதிப் பேர் அப்படி. நடக்கிறபோது கை வீசுவதைப் பாருங்கள், தெரியும்.

சுவரில் எழுதியிருப்பதை வாசித்தீர்களா? மூன்று மொழியிலும் இருக்கிறது. ஒருவர், ஒரு விஷயம். அதுதான் சட்டம், ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர். ஒருமுறை உள்ளே போய் ஒன்றைக் கேட்டு வாங்கினீர்களோ, அதோடு உங்கள் கணக்குத் தீர்ந்தது. மறுபடி வந்தால், "உங்கட விஷயம் முடிஞ்சுது" என்று வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். ஆகவே எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் எமிலியாம்பிள்ளை. கள்ளிமுனை எமிலியாம்பிள்ளை. கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லையா? பரவாயில்லை. 'வலை இழுத்த கைக்கே கரை' என்று ஒரு துண்டுப்பிரசுரம் அந்தக் காலத்தில் இந்தக் கரையோரம் முழுக்கப் போனது. எழுதியது நான். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரத்தில்தான். அதனால் என் பேச்சு கொஞ்சம் மேடை மாதிரி இருக்கும், குறை நினைக்க வேண்டாம். என் மனுசி றோசலின் சொல்லுவாள்: "குழம்புக்கு உப்புக் காணாது எண்டு சொல்லவும் உங்களுக்கு மைக் வேணும்."

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்றா? கரைக்கு, ஐயா. எங்கள் கள்ளிமுனைக் கரையை இறால் வளர்க்கிற கம்பனி ஒன்றுக்குக் கொடுக்கப் போகிறார்கள். ஆட்சேபனை சொல்ல இன்றுதான் கடைசி நாள். இந்தக் கந்தோர் பூட்டுவதற்குள் ஒரு ஆள் உள்ளே போய்க் கரையைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாளையிலிருந்து அது இறாலுக்கு. அந்த ஒரு ஆள் நான். வேறு ஆளில்லை. ஏன் வேறு ஆளில்லை என்பதுதான் கதை.

கரைவலை தெரியுமா உங்களுக்கு? தோணியில் போய் வலையை வளைத்து விட்டுவிட்டு, இரண்டு கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்து, இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை நின்று இழுப்பது. ஒரு பக்கம் ஆள் குறைந்தால் போச்சு. வலை கோணும், மீன் அந்தப் பக்கத்தால் போய்விடும். தனி ஆள் செய்கிற தொழில் அல்ல. அதுக்கென்று ஒதுக்கின கரையைப் 'பாடு' என்போம். எங்கள் அப்பன் காலத்தில் கள்ளிமுனைப் பாடு லூயிஸ் சம்மாட்டியின் பெயரில் இருந்தது. வலை அவருடையது, தோணி அவருடையது, கரையும் அவருடையது. இழுக்கிற கை மட்டும் எங்களுடையது. பொழுது சாய்ந்ததும் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு பங்கு கொடுப்பார். நாங்கள் திரண்டு போனால் காதைப் பொத்துவார். "கூட்டமா வராதேங்கோ, எனக்குத் தலை இடிக்குது. ஒவ்வொருத்தரா வாங்கோ." ஒவ்வொருத்தராகப் போவோம். இவனுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று அவனுக்குத் தெரியாது.

நான் அப்போது இளந்தாரி. ஒருநாள் சொன்னேன், எல்லோரும் சேர்ந்து போவோம் என்று. ஈரக் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு கொட்டிலைச் சுற்றி நின்றோம். சம்மாட்டியின் கை நடுங்கியதை நான் பார்த்தேன், ஐயா. இன்றைக்கும் நித்திரை வராவிட்டால் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொள்வேன். அந்த மாரி முடிவதற்குள் பாடு சங்கத்தின் பெயருக்கு வந்தது. நான் செயலாளர். அன்றிலிருந்து இன்றுவரை நான்தான்.

பிறகு யுத்தம். அதைச் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை, நீங்களும் எங்கேயோ ஓடியிருப்பீர்கள். திரும்பி வந்தபோது ஊர் முள்ளுக்கம்பிக்குள் இருந்தது. நாங்கள் கம்பிக்கு வெளியே தகரக் கொட்டில்களில் இருந்தோம். கடைசியில் படை முகாமை எடுத்தார்கள், கம்பியை எடுக்கவில்லை. காணியையும் கரையையும் பிரித்துக் கொடுக்க இந்த அதிகாரசபையை வைத்தார்கள். தலைவர் யார்? ஓய்வுபெற்ற ஜெனரல். அவருடைய பெயரை நான் வாயால் சொல்வதில்லை.

முன்பெல்லாம் இந்த மாதிரிக் கதிரைக்குப் பரீட்சை எழுதித்தான் வருவார்கள். எழுதுமட்டுவாள் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தார், மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டியிருப்பார். அவரோடு எத்தனை சண்டை! ஆனால் சண்டை பிடிக்கலாம். மேசையில் அடிக்கலாம், அவரும் அடிப்பார். பிறகு இருவரும் பிளேன்ரீ குடிப்போம். இப்போது சண்டையில் எங்கள் ஊரைப் பிடித்தவரே, பென்ஷனும் எடுத்துக்கொண்டு, அதே ஊரைத் திருப்பிக் கொடுக்கிற அதிகாரியாகவும் வந்திருக்கிறார். எடுத்ததும் அந்தக் கை, கொடுப்பதும் அந்தக் கை. இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். நல்ல கைதட்டல்.

முதல்தரம் ஊரோடு வந்தோம். உழவு இயந்திரப் பெட்டிகளில் பெண்டுகள், பிள்ளைகள், கிழடுகள், எல்லோரும். ஒரே மனு. எல்லோருடைய கையெழுத்தும், கைநாட்டும். ஜெனரல் வாசலுக்கு இறங்கி வந்தார். வெள்ளைச் சேட்டு, சாதாரண காற்சட்டை. தமிழிலேயே பேசினார். எங்கே படித்தார் என்று கேட்காதீர்கள். சோதனைச்சாவடியில் 'இறங்கு', 'காட்டு', 'போ' என்பதில் தொடங்கியிருப்பார், இப்போது முழுசாகவே வருகிறது.

"யாரு தலைவர்?"

"நாங்கள் எல்லாரும்தான்" என்றேன்.

மனுவை வாங்கி, ஒரு பக்கமும் விடாமல் பார்த்தார். பிறகு மடித்து என் கையிலேயே தந்தார். "ஐயா, கோபிக்க வேண்டாம். நம்ம படையில ஒரு சட்டம் இருக்கு. ஒரு ஆள் வந்து குறை சொன்னா அது குறை. ரெண்டு பேர் சேர்ந்து வந்து சொன்னா அது கலகம். முப்பது வருசம் அப்படித்தான் பழக்கம். தனித்தனியா வாங்க. என்ட கதவு திறந்து இருக்கும்."

நான் சிரித்தேன். கூட்டத்தைக் கண்டு பயந்த மனுசன் என்று நினைத்தேன். லூயிஸ் சம்மாட்டியின் கையைப் போல இவர் கையும் நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கவில்லை. அதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும் என்று யோனாஸ் பிறகு சொன்னான். யோனாஸ் என் உதவிச் செயலாளர். அவன் எல்லாவற்றையும் பிறகுதான் சொல்லுவான்.

அன்றைக்கே மாதா கோயில் முற்றத்தில் சத்தியம் வாங்கினேன். தனியாக ஒருவரும் போகக்கூடாது. எல்லோருக்கும் கிடைக்கும்வரை ஒருவரும் எடுக்கக்கூடாது. மீறினால் அந்த வீட்டோடு பேச்சில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, செத்த வீட்டுக்கும் போவதில்லை. கடுமைதான். போராட்டம் என்றால் கட்டுப்பாடு வேண்டாமா? ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் நான் பெயர் கூப்பிடுவேன், ஒவ்வொரு குடும்பமும் எழுந்து நின்று "இருக்கிறம்" என்று சொல்ல வேண்டும். குனிந்து நின்றால் நிமிரச் சொல்லுவேன். பிந்தி வந்தால் தனியே நிற்க வேண்டும். சுவாமியார் கூட ஒருதரம் கேட்டார், "என்ன எமிலியாம்பிள்ளை, பரேட்டா?" என்று. அவருக்குப் பகிடி.

முதலில் போனவள் மதலேனா. புருசன் இல்லாதவள், இரண்டு பெண்பிள்ளைகள். ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, இதே வாங்கில் இருந்து, உள்ளே போய்த் தன் வளவை, வீடு இருந்த காணியைக் கேட்டிருக்கிறாள். சோளகக் காற்று பிறக்கும் முன்னே வந்து அளந்து கொடுத்துவிட்டார்கள். நான் நேரே போய்க் கேட்டேன், "பிள்ளை, ஐக்கியத்தை வித்துப்போட்டியே?"

அவள் ஓலைக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "அண்ணை, உங்கட ஐக்கியம் மழைக்கு ஒழுகுது. எனக்கு ஒழுகாத ஒண்டு வேணும்."

அவளுடைய கூரைக்கு மரம் தூக்க ஒருவரும் போகக்கூடாது என்று கட்டளை போட்டேன். ஆண்கள் போகவில்லை. பெண்டுகள் இருட்டுக்குள் போய்த் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் றோசலினும் ஒருத்தி என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கேட்கவில்லை. சில விஷயங்களைக் கேட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்.

பிறகென்ன, ஒரு கண் அவிழ்ந்தால் பொத்தல் அதோடு நிற்குமா? வலை தைக்கிறவனைக் கேளுங்கள். ஒருவர் பின் ஒருவராக இந்த வாங்குக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பெயர் கூப்பிடுவேன், பதில் வராது. கடைசியில் யோனாஸும் வந்தான். வந்துவிட்டு நேரே என்னிடம் வந்து சொன்னான், "அண்ணை, அவன் நல்லவனோ கெட்டவனோ தெரியாது. ஆனா சொன்னபடி செய்யிறான்."

"சம்மாட்டியும்தான் சொன்னபடி செய்தவர்" என்றேன்.

நான் மட்டும் போகவில்லை. கள்ளிமுனையில் வளவு திரும்பாத குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். றோசலினின் தம்பி வீட்டின் பின்பக்கம் இறக்கின பின்பத்தியில் இருக்கிறோம். மழைக்குச் சட்டி வைக்க வேண்டும். ஒருநாள் சட்டியை மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள், "ஜெனரலுக்கும் பென்ஷன் வருது, பியோனுக்கும் பென்ஷன் வருது. நீங்களும் அவ்வளவு காலம் சண்டை பிடிச்சனீங்கள். உங்களுக்கு என்ன வருது?" பெண்களுக்குச் சரித்திரம் விளங்குவது குறைவு, ஐயா.

இனிக் கேளுங்கள். எல்லோரும் வளவுக்கு வந்தார்கள், வேலி போட்டார்கள், கோழி வளர்த்தார்கள். தொழிலுக்குப் போகலாம் என்று கரைக்குப் போனால் கரையில் கம்பி! அது அப்படியே இருக்கிறது. ஏனென்றால் அதை ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தன் தன் வளவைக் கேட்டார்கள். கரை யாருடைய வளவு? யோனாஸ் திரும்பவும் இந்தக் கந்தோருக்கு வந்திருக்கிறான், வாசலில் திருப்பிவிட்டார்கள். ஆனாலும் அவன் விடவில்லை. ஜெனரல் வாகனத்தில் ஏறுகிற நேரம் பார்த்துக் கேட்டானாம்.

"சேர், எங்கட கரை?"

"உங்க பேர்ல இருக்கா?"

"இல்லை, சேர். எல்லாருக்கும் உரியது."

"எல்லாரும் எண்டா யாரு? சங்கம் இருக்கா? சங்கம் இருந்தா அதுவும் ஒரு ஆள்தான். ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. கொண்டு வாங்க, செய்யலாம்."

அப்படிச் சொல்லியிருக்கிறார். அங்கேதான் யோனாஸ் என்னைக் குற்றம் சொல்ல இடம் பிடித்துக்கொண்டான். சங்கத்தின் பதிவு செத்துப்போய்விட்டதாம். ஆண்டுக்கூட்டம் வைத்து, நிர்வாகத்தைத் தெரிவு செய்து, அறிக்கை அனுப்பினால்தான் பதிவு உயிரோடு இருக்குமாம். நான் வைக்கவில்லை. ஏன் வைக்க வேண்டும்? போராட்டம் நடக்கிறபோது தலைமையை மாற்றுவது எதிரிக்கு வழிவிடுவது. யோனாஸ் வேறு, செயலாளர் தேர்தலுக்கு நிற்கப் போகிறேன் என்று சொல்லித் திரிந்தான். நான்கு பேர் கை உயர்த்தினால் சம்மாட்டியின் கையை நடுங்க வைத்தவன் வீட்டுக்குப் போக வேண்டுமா? சொல்லுங்கள்.

இந்த நிலையில் இறால் கம்பனி அறிவித்தல் ஒட்டப்பட்டது.

நேற்றுப் பின்னேரம் எல்லோரும் பின்பத்தி வாசலுக்கு வந்தார்கள். மதலேனா, யோனாஸ், எல்லோரும். எத்தனையோ மாதம் என்னோடு பேசாதவர்கள். நானும் அவர்களோடு பேசாதவன். யோனாஸ்தான் தொடங்கினான்.

"அண்ணை, நாங்கள் எல்லாரும் எங்கட விஷயத்தைக் கேட்டு முடிச்சிட்டம். உள்ளுக்குப் போகாத ஆள் நீங்கள் மட்டும்தான்."

"அப்ப இவ்வளவு காலம் நான் போகாம இருந்தது நல்லதாப் போச்சு, என்ன?" என்றேன்.

மதலேனாதான், "ஓம் அண்ணை, நீங்கள் வெண்டிட்டீங்கள். கரையை மட்டும் கேட்டுத் தாங்கோ" என்றாள். அவர்களைக் கொஞ்ச நேரம் வாசலில் நிற்க வைத்தேன். நிற்கட்டுமே. நானும் நின்றவன்தானே.

நான் கரையைக் கேட்டால் என் வளவு போய்விடும், ஐயா. அதை அவர்களில் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. ஒருவர், ஒரு விஷயம். றோசலின் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள், "கரையைக் கேளுங்கோ. நான் சட்டி வைச்சுப் பழகிட்டன்." அவ்வளவுதான் சொன்னாள். சனம் அவளைப் பார்த்து அழுதது. எதற்கு அழுதார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. முடிவெடுக்கிறது நான்தானே.

அதுதான் வந்திருக்கிறேன். நேரம் போகிறது. பாருங்கள், அங்கே யன்னலைச் சாத்தத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு முன்னால் போன மனுசன் இன்னும் வரவில்லை. உள்ளே என்ன சொல்ல வேண்டும் என்று பாதை முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். "கள்ளிமுனை மக்கள் சார்பில்..." அப்படித்தான் தொடங்கப் போகிறேன். தனியாகப் போனாலும் தனி ஆளாகப் பேச மாட்டேன். அதில் என்னை ஒரு ஜெனரலும் அசைக்க...

கூப்பிடுகிறான். என் பெயர்தானே? என் பெயர்தான். இந்தக் குடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

கொஞ்சம் அரக்கி இடம் விடுங்கள், ஐயா. குடை இருக்கிறதா? நல்லது. கடிதம் அடிக்கிறார்கள், கையெழுத்து வைத்துத் தரும்வரை இருக்கச் சொன்னார்.

எழுந்து நின்றார், ஐயா. நான் உள்ளே போனதும் ஜெனரல் எழுந்து நின்றார். மற்றவர்களுக்கு எழும்புவதில்லையாம், பியோன் சொன்னான். "எமிலியாம்பிள்ளை ஐயா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தேத்தண்ணீர் வந்தது, கோப்பையும் தட்டுமாக. நான் மயங்கவில்லை. ஆனால் ஒரு எதிரிக்கு உரிய மரியாதையை அவர் தெரிந்து வைத்திருக்கிறார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"நீங்கதான் கடைசி. வருவீங்க எண்டு தெரியும். ஒரு விஷயம் சொல்லுங்க."

"கள்ளிமுனை மக்கள் சார்பில்..." என்று தொடங்கினேன்.

பேனையைக் கீழே வைத்துவிட்டார். "மக்கள் வெளியில. இங்க நீங்க. என்ன வேணும்?"

"கரை."

"யாருக்கு?"

"எங்களுக்கு."

"எங்களுக்கு எண்டு எழுத இதில இடம் இல்லை, ஐயா. ஒரு பேர்தான் எழுதலாம். இல்லாட்டி, கம்பனிக்காரர் கீழ இருக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு பேர் இருக்கு."

வாய்க்குள் அந்தச் சொல் வந்து வந்து போனது. இத்தனை வருசம் மேடையில் ஒருநாளும் சொல்லாத சொல். பேனையை எடுத்து மூடப் போனார். அப்போது சொன்னேன்.

"எனக்கு."

என் குரல் மாதிரி இருக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். உடனே எழுதிவிட்டார். கம்பி இந்தக் கிழமை கழற்றப்படும். பாடு அனுமதி எமிலியாம்பிள்ளை பெயரில். கம்பனி போய்விட்டது. பார்த்தீர்களா? வென்றாயிற்று! எழும்புகிறபோது கை தந்தார். "ஒரு கரைக்கு ஒரு கமாண்டர் வேணும், ஐயா. முதல் நாளே இதத்தானே கேட்டன்" என்றார். பிறகு, "உங்க வீட்டு வளவு?" என்று கேட்டார். "ஒருவர், ஒரு விஷயம்" என்று நான் சுவரைக் காட்டினேன்.

இதில் பிழை ஒன்றும் இல்லை, ஐயா. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பெயர் என் பெயர், கரை எல்லோருக்கும். நான் சம்மாட்டி அல்ல. பங்கு எல்லோருக்கும் உண்டு. ஆனால் இனி ஒழுங்கு வேண்டும். சத்தியத்தை மீறினவனும் மீறாதவனும் ஒரே கயிற்றைப் பிடித்தால் பிறகு சத்தியத்துக்கு என்ன மரியாதை? மீறாதவன் என்று பார்த்தால் நான் ஒருவன்தான், அது வேறு விஷயம். யோனாஸ் கயிற்றின் தலைப்பில் நிற்க முடியாது, பின்னால் நிற்கட்டும். மதலேனாவுக்கு மீன் தரம் பிரிக்கிற வேலை கொடுக்கலாம், ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். ஐக்கியம் ஒழுகுது என்று சொன்னவள். சங்கத்தைப் பிறகு பார்க்கலாம். அவசரமில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஒவ்வொருத்தருக்கும் என்ன கொடுக்கலாம் என்று. அதை எல்லோருக்கும் முன்னால் கதைத்தால் இவனுக்கு அவ்வளவா, எனக்கு இவ்வளவா என்று சண்டைதான் வரும். கரையில் என் கொட்டில் ஒன்று போட வேண்டும். மழைக்கு றோசலினும் அதில் இருக்கலாம்.

அந்த யன்னலால் எட்டிப் பாருங்கள். கேற்றுக்கு வெளியே உழவு இயந்திரம் நிற்கிறதா? எங்கள் சனம்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார்கள். முன்னுக்கு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, சேலைத் தலைப்பால் முக்காடு போட்டவள், அவள்தான் றோசலின். ஊரோடு சேர்ந்து அவளும் வந்துவிட்டாள், பார்த்தீர்களா?

இதோ, பியோன் கடிதத்தோடு வருகிறான். என்ன? கேற்றில் நிறைய ஆளா? முடிவு கேட்கிறார்களா? கேட்பார்கள், கேட்பார்கள். சத்தமாயும் இருக்கிறதாம். எனக்குத் தலை இடிக்கிறது, ஐயா, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

தம்பி, அவையளிட்டைப் போய்ச் சொல்லு, நான் அந்த வேப்பமரத்தடிக்கு வாறன் எண்டு. கூட்டமா வர வேண்டாமாம். ஒவ்வொருத்தரா வரட்டும்.